வாகன நிறுத்தகத்திற்கும் வேடம் வேண்டுமா?

ஜெய்ப்பூரில் கடன் பிரிவில் பணியாற்றிய நாட்களில் என் மேசைக்கு வந்த ஒரு திட்ட அறிக்கையின் முப்பத்து நான்காம் பக்கம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. நகருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம், நாற்பது அறைகளும் ஒரு திருமணப் புல்வெளியும் கொண்ட உல்லாச விடுதி ஒன்றைக் கட்டுவதற்குக் காலக் கடன் கேட்டு வந்த விண்ணப்பம் அது. விடுதி பழைய ராஜஸ்தானத்து ஹவேலியின் வடிவில் அமையும். நடுவே முற்றம், சுற்றிலும் வளைவுகள், சுவரிலிருந்து வெளியே நீண்ட ஜரோகா மாடங்கள், உச்சியில் சத்ரி எனப்படும் சிறு குடை மண்டபங்கள். அதுவரை எனக்கு மறுப்பில்லை. முப்பத்து நான்காம் பக்கத்தில்தான் அந்த வரி இருந்தது: "வாகன நிறுத்தகம் - முகப்பு அலங்காரம் - ரூ.85 இலட்சம்."

நூற்றிருபது கார்கள் நிற்பதற்கான இரண்டு அடுக்குக் கட்டடம் அது. அதன் நான்கு புறங்களையும் ஜரோகாக்களால் போர்த்தி, மேலே ஆறு சத்ரிகளை நிறுத்தி, அதையும் ஒரு குட்டி அரண்மனையாக ஆக்கிவிடுவது திட்டம். கல்லில் அல்ல, கண்ணாடி இழை கலந்த சிமென்ட்டில், அச்சில் வார்த்து எடுக்கும் ஜி.ஆர்.சி. பலகைகளில்.

விண்ணப்பதாரரின் பெயரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. வாடிக்கையாளரின் இரகசியம் காப்பது எங்கள் தொழிலின் முதற்கடமை. முப்பது ஆண்டுகள் கல் வியாபாரம் செய்து சேர்த்த பணத்தையும், தாம் குடியிருந்த வீட்டையும் பிணையாக வைத்து அந்தத் திட்டத்தில் இறங்கியவர் என்று மட்டும் சொன்னால் போதும். மருமகளை உடன் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். விடுதியை நடத்தப்போகிறவர் அந்தப் பெண்தான் என்பது ஐந்து நிமிடப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"சேட்ஜி, கார் நிற்கும் இடத்திற்கு ஜரோகா எதற்கு? அதில் உட்கார்ந்து யார் வீதியை எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை. "சார், மாப்பிள்ளை குதிரையில் ஏறி வாசலுக்கு வரும்போது எடுக்கும் படத்தில் பின்னால் தெரிவது எங்கள் ஹவேலி மட்டுமில்லை. பக்கத்தில் அந்தப் பார்க்கிங்கும் தெரியும். கல்யாண ஆல்பத்தில் ஒரு சிமென்ட் பெட்டி இருந்தால், அந்த ஆல்பத்தைப் பார்க்கும் அடுத்த குடும்பம் எங்களிடம் வராது" என்றார்.

வணிகவியல் படித்துவிட்டு வங்கிக்கு வந்தவன் நான். கட்டடக் கலைக்கும் எனக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் அந்தப் பதில் வணிகப் பதில். அதை ஒரு கோடு கிழித்து ஒதுக்கிவிட முடியவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வாசகர்களும் போட்டுப் பார்க்கலாம். தொழில் தொடங்க எண்ணுவோர்க்குப் பயன்படும் பழக்கம் இது. 85 இலட்சத்திற்கு ஆண்டு வட்டி 10 விழுக்காடு என்று கொண்டால், முதல் ஆண்டு வட்டி 8.5 இலட்சம். எட்டு ஆண்டுகளில் அசலைத் திருப்ப வேண்டுமானால் ஆண்டுக்கு 10.6 இலட்சத்துக்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 19 இலட்சம். நாற்பது அறைகள், ஆண்டுக்கு 365 இரவுகள், அவற்றுள் அறுபது விழுக்காடு நிரம்பும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஆக விற்பனையாகும் அறை இரவுகள் 8,760. ஒவ்வோர் இரவும் தங்கும் ஒவ்வொரு விருந்தினரின் கட்டணத்திலிருந்தும் சுமார் 218 ரூபாய், கார் நிற்கும் கட்டடத்தின் ஒப்பனைக்காகப் போக வேண்டும். சொந்தப் பணத்தில் செய்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. வேறெங்காவது வட்டி ஈட்டியிருக்கக்கூடிய பணம் அது.

218 ரூபாய் பெரிய தொகையா, சிறிய தொகையா? ஒரு திருமணம் கூடுதலாக வந்தாலே அதை ஈடுகட்டிவிடலாம் என்று மருமகள் சொல்லக்கூடும். ஆகவே கேள்வி விலையைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. ஒரு கருத்தை மையமாக வைத்துக் கட்டப்பட்ட விடுதியில், வாகன நிறுத்தகமும் அந்தக் கருத்துக்குள் வர வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இந்தத் தொழிலில் உலகத்திற்கே முன்மாதிரியானவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. அந்தப் பூங்காவைச் சுற்றி ஒரு மண்மேடு உண்டு. அதன்மீது சிறு இரயில் ஓடுகிறது. உள்ளே இருப்பவர்க்கு வெளியுலகம் தெரியக்கூடாது என்பதற்காகவே அமைக்கப்பட்ட மேடு அது. வெளியுலகம் என்றால் என்ன? முதலாவதாக, வாசலுக்கு எதிரே பரந்து கிடந்த வாகன வெளி. வால்ட் டிஸ்னி அந்த வெளியை அழகுபடுத்தப் பணம் செலவிடவில்லை. அது கண்ணில் படாதிருக்க மண்ணைக் குவித்தார்.

புளோரிடாவில் 1971 அக்டோபர் 1 அன்று வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டபோது இன்னும் ஒருபடி மேலே போனார்கள். மேஜிக் கிங்டம் பூங்காவுக்குக் காரில் வருபவர் வாசலுக்கே போய் இறங்க முடியாது. ஓர் ஏரிக்கு இக்கரையில் காரை விட்டுவிட்டு, படகிலோ ஒற்றைத் தண்டவாள இரயிலிலோ அக்கரைக்குப் போக வேண்டும். படகு நகர நகர, தொலைவில் கோட்டைக் கோபுரம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. கார்களின் உலகம் பின்னால் போய்விடுகிறது. நாடகத்தில் திரை விலகுவதற்கு முன் விளக்கணைக்கும் அந்த ஒரு நிமிடத்தை ஏரி செய்து தருகிறது. கார்கள் நிற்கும் இடம் வெறும் தார்த்தரை. வேடம் எதுவும் இல்லை. ஆனால் அதன் பகுதிகளுக்குக் கதைமாந்தரின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். நாள் முழுதும் சுற்றிக் களைத்த குடும்பம், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் வந்து காரைத் தேடும்போது, "பி-47" என்ற எண் நினைவில் நிற்பதில்லை. ஒரு கதைமாந்தரின் பெயர் நிற்கிறது.

கலிபோர்னியாவில் 2000-ஆம் ஆண்டில் அவர்கள் கட்டிய நிறுத்தகத்தில் 10,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் நிற்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது கான்கிரீட் அடுக்குதான். ஆறு தளங்களுக்கும் மிக்கி, மின்னி, கூஃபி, டெய்சி, டொனால்ட், சிப் அண்ட் டேல் என்று பெயர்கள். பழைய வாகன வெளி இருந்த இடத்தில் 2001-இல் இன்னொரு பூங்காவே எழுந்தது. நிலத்தின் மதிப்பு ஏறும்போது கார்கள் மேல்நோக்கி அடுக்கப்படுகின்றன. விடுபட்ட தரை வருமானம் ஈட்டத் தொடங்குகிறது. பொருளாதாரம் அறிந்தவர்க்கு இது புதிதல்ல.

அந்நிறுவனத்தின் இன்னொரு வழக்கமும் எனக்குச் சுவையாகத் தோன்றியது. பூங்காவுக்குள் தவிர்க்க முடியாத மின்பெட்டிகள், வேலிகள், கிடங்குச் சுவர்கள் முதலியவற்றுக்கு மங்கிய சாம்பல்பச்சை நிறம் ஒன்றைப் பூசுகிறார்கள். 'கண்ணிலிருந்து போய்விடு' என்று பொருள்படும் செல்லப்பெயர் அந்தப் பச்சைக்கு உண்டு. ஜரோகா வைத்து அழகூட்டுவதற்கு நேர் எதிரான வழி இது. பார்ப்பவரின் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. செலவு, ஒரு பூச்சு வண்ணம்.

புளோரிடாவிலேயே, டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்று 2015-இல் பெயர் மாற்றப்பட்ட கடைவீதிப் பகுதி இன்னொரு பாடம். ஊற்று ஒன்றைச் சுற்றி வளர்ந்த புளோரிடா ஊர் என்ற கற்பனைக் கதையின்மேல் அது அமைக்கப்பட்டிருக்கிறது. அங்குள்ள பல அடுக்கு நிறுத்தகங்களின் பெயர்கள் ஆரஞ்சு, எலுமிச்சை. நாரத்தை வகைப் பழங்கள் விளையும் மாநிலம் அது. ஆகவே பெயரும் நிறமும் கதைக்குள் அடங்கிவிடுகின்றன. பணம் கொட்டியது வேறோர் இடத்தில். ஒவ்வொரு கார் நிற்கும் இடத்தின் மேலும் ஒரு சிறு விளக்கு எரிகிறது. இடம் காலியென்றால் பச்சை, கார் நின்றால் சிவப்பு. எந்தத் தளத்தில் எத்தனை இடம் மீதமிருக்கிறது என்று நுழைவிலேயே பலகை சொல்லிவிடும். சுற்றிச் சுற்றி இடம் தேடும் எரிச்சல் இல்லை.

அந்நிறுவனமே 2018-இல் தன் தங்கும் விடுதிகளில் இரவு நிறுத்தத்திற்குக் கட்டணம் விதித்து, 2023 தொடக்கத்தில் அதை நீக்கியது. லாஸ் வேகாஸில் பிரமிடும் நியூயார்க்கும் வெனிஸும் வேடம் கட்டி நிற்கும் விடுதி வீதியிலும், நெடுங்காலம் இலவசமாக இருந்த நிறுத்தத்திற்கு 2016-இல் பெரிய குழுமம் ஒன்று கட்டணம் வாங்கத் தொடங்கியது. கட்டணம் வந்ததும் போனதும் செய்தியானது. வாகன நிறுத்தகத்தின் முகப்பு எந்தப் பாணியில் இருக்கிறது என்பது செய்தியானதாக நான் எங்கும் காணவில்லை.

லாஸ் வேகாஸைப் பற்றிப் பேசும்போது ஒரு நூலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. ராபர்ட் வெஞ்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனௌர் ஆகிய மூவர் 1972-இல் வெளியிட்ட 'லேர்னிங் ஃபிரம் லாஸ் வேகாஸ்'. கட்டடங்களை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: 'வாத்து', 'அலங்கரித்த கொட்டகை'. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் 1931-இல் கட்டப்பட்ட ஒரு கடை வாத்து வடிவத்திலேயே இருக்கிறது. அதில் வாத்தும் முட்டையும் விற்றார்கள். கட்டடமே செய்தியாக இருப்பது வாத்து. சாதாரணக் கொட்டகையைக் கட்டி அதன் முன்னால் ஒரு பலகையையோ முகப்பையோ நிறுத்துவது இரண்டாம் வகை. சேட்ஜியின் ஹவேலி விடுதி முதல் வகையை நாடியது. முற்றமும் வளைவும் அங்கே உண்மையாகவே பயன்படும். விருந்தினர் அவற்றில் உட்காருவார்கள், நிழலில் நடப்பார்கள். நிறுத்தகத்தின் ஜரோகா அப்படியல்ல. அது கொட்டகைமேல் ஒட்டிய பலகை.

கொட்டகையை அலங்கரிப்பது தவறா? இல்லை என்பதற்கும் நல்ல சான்றுகள் உண்டு. கான்சஸ் சிட்டி பொது நூலகத்தின் வாகன நிறுத்தகச் சுவர் ஒன்றில், ஏறத்தாழ 25 அடி உயரமுள்ள புத்தக முதுகுகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு மாபெரும் புத்தக அலமாரி. பக்கத்தில் நூலகம் இருப்பதால் அது கூடுதல் வேடமாகத் தோன்றுவதில்லை. எந்தப் புத்தகங்கள் என்று ஊராரிடமும் கேட்டுத் தெரிவு செய்தார்கள் என்பது இன்னும் அழகு. சிகாகோவின் மெரினா சிட்டி கோபுரங்களில் கீழ் 19 அடுக்குகளும் சுருள் பாதையில் கார்கள் நிற்குமிடம், மேலே வீடுகள். மறைக்கவும் இல்லை, ஒப்பனையும் இல்லை. காரும் கட்டடத்தின் உறுப்பு. மயாமி பீச்சில் ஹெர்சாக் - டி மெரோன் வடிவமைத்து 2010-இல் நிறைவுற்ற நிறுத்தகத்திற்குச் சுவர்களே கிடையாது. சுமார் 300 கார்களுக்கான அந்தத் திறந்த தளங்களில் திருமண விருந்தும் நடக்கிறது! ஆனால் இவையெல்லாம் நகர நடுவே, தாமே நிலைக்கும் கட்டடங்கள். ஹவேலிக்குப் பக்கத்தில் போட்டிக்கு நிற்பவை அல்ல.

ஒரு பொறியாளர் நண்பரிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் முகப்பைப் பார்க்கவே இல்லை. "காற்று எப்படிப் போகும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் என் ஒரு வாரத் தேடல் திசை திரும்பியது.

திறந்த நிறுத்தகம் என்று ஒரு கட்டடத்தை அழைக்க வேண்டுமானால், அமெரிக்க மாநிலங்கள் பரவலாகப் பின்பற்றும் கட்டட விதித்தொகுப்பின்படி, ஒவ்வொரு தளத்தின் சுற்றுச்சுவர்ப் பரப்பிலும் ஐந்தில் ஒரு பங்காவது திறப்பாக இருக்க வேண்டும். திறப்புகள் ஒரே மூலையில் குவியாமல், சுற்றளவில் நாற்பது விழுக்காடு நீளத்திற்காவது பரவியிருக்க வேண்டும். புகை வெளியேறவும், தீப்பிடித்தால் வெப்பம் தணியவும் இந்தத் திறப்புகளே வழி. திறப்பை மூடினால் அது மூடிய நிறுத்தகம் ஆகிவிடும். பிறகு காற்றை இழுக்கும் விசிறிகள், குழாய்கள், தானே நீர் தெளிக்கும் தீயணைப்பு அமைப்பு, அவற்றுக்கு மின்சாரம், பராமரிப்பு என்று செலவு தொடரும். சேட்ஜியின் ஜரோகாக்களுள் பெரும்பாலானவை பொய்ச் சன்னல்கள், பின்னால் சுவர். 85 இலட்சத்தோடு கதை முடியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. முகப்பு கட்டடத்தின் மூச்சையும் அடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், ராஜஸ்தானத்துப் பழைய கட்டடக் கலைஞர்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். ஜாலி என்னும் துளையிட்ட கற்பலகை அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. வெயிலைத் தடுத்துக் காற்றை விடுவதற்காக வைக்கப்பட்டது. ஜெய்ப்பூரின் ஹவா மஹாலைக் கண்டவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போவது என்றால் வடிவத்தைப் படியெடுப்பது மட்டும்தானா? அந்தச் சுற்றுப்புறம் ஏன் அவ்வாறு அமைந்தது என்ற காரணத்தையும் எடுத்துக்கொள்ளலாமே.

ஜெய்ப்பூரும் ஒருவகையில் வேடமிட்ட நகரந்தான். 1727-இல் நிறுவப்பட்ட அந்நகரத்திற்கு, 1876-இல் வேல்ஸ் இளவரசரை வரவேற்பதற்காக இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். இன்று 2019 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே ஆல்பர்ட் ஹால் அருங்காட்சியகம் நிற்கும் ராம்நிவாஸ் பூங்காவில் கார்களைப் பூமிக்கு அடியில் நிறுத்தியிருக்கிறார்கள், மேலே புல்வெளி. தில்லி கன்னாட் பிளேஸின் பாலிகா நிறுத்தகமும் நிலத்தடியில்தான். ஆக்ராவில் தாஜ்மஹாலின் கிழக்கு வாயிலுக்குப் போகிறவர்கள் சில்ப்கிராமில் வண்டியை விட்டுவிட்டு மின்கல வண்டியில் போகிறார்கள். அதே கிழக்கு வாயிலுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் கட்டப்பட்டுவந்த பல அடுக்கு நிறுத்தகத்தை இடிக்குமாறு 2017 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது; சில நாட்களிலேயே அந்த ஆணையை நிறுத்திவைத்து, இருக்கும் நிலை தொடரட்டும் என்றது. அங்கே எழுந்தது சுற்றுச்சூழலைக் காக்கும் விதிகளைப் பற்றிய கேள்வி. முகப்பில் பளிங்கு பதித்திருந்தால் தீர்ந்துபோகிற கேள்வி அன்று. கடன் கொடுப்பவன் இத்தகைய செய்திகளைக் கவலையோடு படிக்கிறான். கட்டி முடிக்காத கட்டடம் கடனைத் திருப்பித் தராது.

இத்தனையும் படித்த பிறகு, திட்ட இடத்தை மறுமுறை பார்க்கப் போனேன். அங்கே வெறும் நிலத்தில் நின்றபோது, அமெரிக்க எடுத்துக்காட்டுகளில் நான் கவனிக்காத ஒரு வேறுபாடு கண்ணில் பட்டது. அங்கெல்லாம் காரை ஓட்டுபவரே விருந்தினர். காரை நிறுத்துவதும் இறங்கி நடப்பதும் இரவில் தேடுவதும் அவரே. எனவே அவர்கள் நிறுத்தகத்தின் உட்புறத்தில் பெயரும் நிறமும் விளக்கும் வைத்து அவருக்குத் துணை செய்கிறார்கள். நம் திருமண விடுதிகளில் நடப்பது வேறு. விருந்தினர் முகமண்டபத்தில் இறங்கிவிடுகிறார். கார் ஓட்டுநரோடு பின்னால் போகிறது. விருந்தினர் நிறுத்தகத்தை வெளியிலிருந்து, தொலைவில், ஒரு கணம் பார்க்கிறார். அதன் உள்ளே காலடி வைப்பதே இல்லை. உள்ளே இருப்பவர் ஓட்டுநர். சில வேளைகளில் விடியும்வரை.

அடுத்த சந்திப்பில் மூவரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசினோம். மணமகன் வரும் பாதையில் நின்று படம் எடுத்தால் நிறுத்தகத்தின் எந்தப் பக்கம் தெரியும் என்று மருமகளைக் கேட்டேன். கிழக்குப் பக்கம் மட்டும் என்றார். மற்ற மூன்று பக்கங்களிலும் ஒன்று வயல், ஒன்று சமையற்கூடத்தின் பின்புறம், ஒன்று நெடுஞ்சாலையை ஒட்டிய மதில். அப்படியானால் கிழக்கு முகத்திற்கு மட்டும் உண்மையான துளைகளோடு ஜாலி. கீழ்த்தளத்தை மூன்றடி பூமிக்குள் இறக்கி, கட்டடத்தின் உயரத்தை ஹவேலியின் முதல் மாடிக்குக் கீழே கொண்டுவருவது. விடுதிக்குப் பூசும் அதே காவிமண் வண்ணம். வாசலுக்கும் நிறுத்தகத்திற்கும் இடையே இரண்டு வரிசை வேப்ப மரம். சத்ரிகள் வேண்டாம். எல்லாம் சேர்ந்து 31 இலட்சத்தில் அடங்கியது.

கார்களைத் திறந்த தரையிலேயே மரநிழலில் நிறுத்திவிடலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். ஒரு காருக்குப் பாதையும் சேர்த்துத் திறந்த வெளியில் 23 சதுர மீட்டர் என்பது நம் நாட்டு நகரத் திட்டமிடலில் வழங்கும் கணக்கு; தரைத்தளத்தில் கூரைக்குக் கீழ் 28, நிலவறையில் 32. நூற்றிருபது கார்களுக்குத் திறந்தவெளியில் 2,760 சதுர மீட்டர், அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு இடத்தைக் கொடுத்தால் திருமணப் புல்வெளி சுருங்கிவிடும். அங்கே அவர்கள் பக்கந்தான் சரி. சேட்ஜிக்குச் சத்ரிகளை இழந்ததில் வருத்தம் இருந்தது. கல் வியாபாரியின் மனம். மிச்சமான 54 இலட்சத்தில் ஒரு பகுதி கடனைக் குறைத்தது. மீதி, விருந்தினர் வராத மே, ஜூன் வெயில் மாதங்களுக்கான கையிருப்பாக நின்றது.

அந்த வெற்றிக் களிப்பில் நான் ஒரு பிழை செய்தேன். அதே பக்கத்தில், நான்கு வரி தள்ளி, "ஓட்டுநர் ஓய்வறை - ரூ.9 இலட்சம்" என்றும் ஒரு வரி இருந்தது. வருமானம் தராத இனம் என்று கருதி, இரண்டாம் கட்டத்திற்குத் தள்ளிவைக்குமாறு சொன்னேன். அவர்கள் மறுக்கவில்லை. கடன் கேட்டு வந்தவர்கள் எப்படி மறுப்பார்கள்?

விடுதி திறந்த பிறகு வந்த முதல் திருமணப் பருவத்தில், டிசம்பர் மாதத்தில், வழக்கமான ஆய்வுக்காகப் போனேன். பகல் ஆய்வு முடிந்ததும் மாலையில் நடந்த திருமணத்திற்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மணமகன் குதிரையில் வந்தார். கிழக்கு ஜாலியின் துளைகள் வழியே உள்விளக்கின் மஞ்சள் ஒளி பரவி, அது ஏதோ பழைய மாளிகையின் பக்கச்சுவர் போலவே தெரிந்தது. புகைப்படக்காரர் அதை ஒதுக்காமல் சட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டதைக் கவனித்தேன். மருமகளும் கவனித்தார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

இரவு பதினொரு மணிக்கு என் வண்டியை எடுக்க நானே நிறுத்தகத்துக்குள் நடந்தேன். எட்டோ ஒன்பதோ டிகிரி குளிர். நூறு கார்களுக்கு மேல் நின்றன. பல கார்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெப்பத்திற்காக எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு ஓட்டுநர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். சரிவுப்பாதை ஓரத்தில் ஏழெட்டுப் பேர் பந்தல்காரர்கள் விட்டுச்சென்ற அட்டைப்பெட்டிகளைக் கொளுத்திக் குளிர்காய்ந்தார்கள். பத்தடி தள்ளி வண்டிகள் நெருக்கமாக நின்றன. புகை தளத்தில் தங்காமல் ஜாலி வழியாகவும் திறந்த பக்கங்கள் வழியாகவும் வெளியேறிக்கொண்டிருந்தது. அந்தப் பொய்ச் சன்னல்களை எழுப்பியிருந்தால் அன்றிரவு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது, குளிரில் அல்லாமல் வேறு காரணத்தால் உடல் நடுங்கியது. அவர்கள் அங்கே நெருப்பு மூட்டியதற்கு யார் காரணம் என்பதும் எனக்குத் தெரிந்தது.

என் ஓட்டுநரும் அந்த நெருப்பருகே நின்றார். "கழிப்பிடம் எங்கே சாஹப்? காவலாளி உள்ளே விட மறுக்கிறார்" என்று கேட்டார். ஒன்பது இலட்சம் ரூபாய் என்று மனத்துக்குள் ஒரு குரல் சொன்னது.

தமிழ்நாட்டில் 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் விருந்தினரின் வாகன ஓட்டுநர்க்குத் தங்குமிடமும் கழிப்பிடமும் அளிக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கிய செய்தியைப் பின்னாளில் படித்தபோது, அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. திட்ட அறிக்கையோடு எங்களிடம் வரும் வாடிக்கையாளர்கள் அத்தகைய வரியை வெட்ட ஒப்புக்கொள்ள வேண்டாம்; கடன் அதிகாரி சொன்னாலும்.

மறுநாள் காலை சேட்ஜிக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. "இரவு நீங்கள் அங்கே நின்றதைக் காவலாளி சொன்னான். நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் குளிரை அணைக்க முடியவில்லையே" என்றார். இரண்டு மாதத்தில் கூடுதல் கடனுக்கான சிறு விண்ணப்பம் வந்தது. நிறுத்தகத்தின் மேற்குப் பக்கத்தை ஒட்டி, இருபது கட்டில்கள் கொண்ட கூடம், நான்கு கழிப்பறைகள், வெந்நீர் வசதி, தேநீருக்கு ஒரு மேடை. தொகை பதினான்கு இலட்சம். விலைவாசி அதற்குள் ஏறியிருந்தது.

வரைபடத்தின் கடைசித் தாளில் அந்தக் கூடத்தின் முகப்பு இருந்தது. வாசலுக்கு மேலே, உட்கார்ந்து வெளியே பார்க்கும்படியான திண்ணையோடு, கல்லில் ஒரே ஒரு ஜரோகா. அருகில் பென்சிலால் அதன் விலை எழுதப்பட்டு, அதன்கீழ் "என் கடையிலிருந்து, கடனில் சேர்க்க வேண்டாம்" என்று சேட்ஜியின் கையெழுத்தில் ஒரு குறிப்பு.